பதர் எண்ணுகிறவள்

தாஷ்கண்டிலிருந்து ரயிலில் வந்தது விதை.
ஒரு துணிப்பை, உள்ளே ஆறு காகித உறை,
ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் ஓர் எண்:
ஐம்பதில் தொடங்கி முந்நூறு வரை,
கோபால்ட்டின் முன் உட்கார்ந்து நெல் வாங்கிக்கொண்ட அளவு.
உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன்.
சூடு இல்லை, மினுக்கம் இல்லை,
பழஞ்சாக்கு வாசம் மட்டும்.

எதிர் இருக்கைப் பெண் தொட்டால் ஒட்டுமா என்று கேட்டாளாம்.
கொண்டுவந்த ஜெங்கிஸ்பாய்
இரண்டு நெல்லை உமியோடு மென்று காட்டினானாம்.
அதையும் குறிப்பேட்டில் எழுதினேன்:
நூற்றைம்பதில் இரண்டு குறைவு.

சிம்பாயில் எங்கள் நிலையத்துக்குப் பின்னால்
மார்ச் மாதத்திலேயே வயல் வெளுத்திருக்கும்.
பனி என்று நினைத்துப் படம் எடுப்பார்கள் புதிதாக வருகிறவர்கள்.
கடல் விலகிப்போன திசையிலிருந்து
காற்று அள்ளி வந்து போடுகிறது.
இந்த ஊருக்கு உப்பிட்டது காற்று;
உள்ளளவும் நினைக்கத்தான் வேண்டும்.

முந்நூறு முளைக்கவே இல்லை.
இருநூற்றைம்பதில் பாதி செத்தது.
பாதி சாவதுதான் சரியான அளவு என்கிறது கையேடு.
பிழைத்த பாதி எந்தச் சேதியும் சொல்லாமல்
பக்கத்து வயல் நெல்லைப் போலவே விளைந்தது.
அதன் பிள்ளைகளில்தான் எல்லாம் வெளிவரும்.

வந்தது.
பச்சையை மறந்து பால்வெள்ளையாய் முளைத்து
பத்தாம் நாள் படுத்துவிட்ட நாற்றுகள்.
புல்லோடு புல்லாகக் குறுகியவை.
தூர் கட்டத் தொடங்கி நிறுத்தத் தெரியாதது ஒன்று.
கதிரைப் பாய்ச்சிக் கதிரைக் கேட்கிறோம்;
பாய்ந்தது எந்தக் கண்ணியில் இடறிற்றோ,
அதுவே அறியாது.

என் பெயர் உல்போசின்.
ஆண் பிறக்கட்டும் என்று பொருள்.
மூன்றாம் பெண்ணை அப்படி அழைத்தால்
நான்காவது மகனாம்.
எனக்குப் பின் இரண்டு தங்கைகள்.

ஒன்பதாயிரம் நாற்றை உவர்ப் பாத்தியில் நட்டோம்.
ஜூலை முடிவில் நுனி கருகி, பிறகு இலை சுருண்டு,
பிறகு எண்ணுவதற்குத் தோதாக அசையாமல் நின்றன.
நான்காம் பாத்தி மூலையில் மட்டும் ஒன்று
இடுப்புயரம், கரும்பச்சை, தலை சாய்ந்த கதிர்.
இயக்குநர் ஐத்முராத் காலணியோடு சேற்றில் இறங்கினார்.
செடிக்குப் பக்கத்தில் குந்திப் படம் எடுத்துக்கொண்டார்.
மாவட்டப் பத்திரிகைக்கு அன்றே போயிற்று.

மாலையில் உவர்மானியைக் குத்தினேன்.
மற்ற இடமெல்லாம் பதினொன்று,
அந்த மூலையில் இரண்டரை.
வரப்பில் ஒரு எலி வளை.
அதன் வழியே கால்வாயின் நல்ல தண்ணீர்
கோடை முழுக்க ஒரே ஒரு செடிக்குக் கசிந்திருக்கிறது.
"நாளைக்குச் சொல்லக்கூடாதா" என்றான் ஜெங்கிஸ்பாய்.
வளைக்கு வெளியே தலை நீட்டி
எலியும் அதையேதான் கேட்டது.

சொல்லிவிட்டுத் திரும்பும் வழியில்,
வரப்பு சுற்ற அலுப்பாகிக் குறுக்கே நடந்தேன்.
பாத்தியின் நடுவில், உப்பு ஓடாகப் பொருக்குத் தட்டிய இடத்தில்,
கணுக்கால் உயரம் ஒரு செடி.
மஞ்சள் பாய்ந்து, கோணலாய்,
படத்துக்கு ஆகாத முகம்.
ஒற்றைக் கதிர், அதிலும் பாதியைக் குருவி கொத்தியிருந்தது.
மண்டியிட்டு உவர்மானியைக் குத்தினேன்.
பன்னிரண்டு.
இன்னொரு முறை குத்தினேன்.
பன்னிரண்டு.

மேசை விளக்கில் உதிர்த்து எண்ணினேன்.
பதர் நாற்பத்தொன்று.
பால் பிடித்து முற்றியவை ஏழு.
இது உப்பைத் தாங்கியதா,
உப்புதான் இதைப் பொருட்படுத்தவில்லையா,
ஏழும் முளைத்தால் அடுத்த ஆண்டு கேட்கலாம்.

"பெயர்?" என்றான் ஜெங்கிஸ்பாய்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு.
எண்ணை மட்டும் எழுதினேன்.
உறையின் ஓரத்தை நாக்கில் நனைத்து ஒட்டினேன்.
பசை கரித்தது.